சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட ஜெபம்

புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, பயிற்சியில் உங்களுக்குப் பாட்டு, கதை, படம் எல்லாம் சொல்லித் தருவார்கள். பிள்ளைகளை எப்படி உட்கார வைப்பது, சலிப்புத் தட்டாமல் எப்படி முடிப்பது என்பதும் அதில் வரும். அதையெல்லாம் நான் தொடப்போவதில்லை. எனக்கு அதில் அவ்வளவு பொறுமையும் கிடையாது, என்னோடு வேலை பார்த்தவர்களைக் கேட்டால் தெரியும். ஓய்வு பெற்றவள் ஏதாவது பேசட்டுமே என்று கூப்பிட்டிருக்கிறீர்கள். அதனால் என்னை இன்னும் தூங்கவிடாத ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

நம் வேலை கொஞ்சம் விசித்திரமான வேலை. வீடு வீடாகப் போய், "உங்கள் வீட்டுக்காக மட்டும் ஜெபிக்காதீர்கள், தூர தேசங்களுக்காகவும் அங்கே ஊழியம் செய்கிறவர்களுக்காகவும் ஜெபியுங்கள்" என்று குடும்பங்களையும் பிள்ளைகளையும் பழக்குவது. என் சொந்தத் தம்பியே ஒருநாள், "ஜெபம் பண்ணுங்கன்னு சொல்றதுக்கு ஒரு ஆபீஸு, அதுக்கு நீ ஒரு வேலைக்காரியாக்கா?" என்று கேட்டான். நான் திருப்பிக் கொடுத்ததை இங்கே சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கேள்வி உங்களுக்கும் வரும். இந்த வேலையில் ஆபத்து எதுவும் இல்லை, யாருக்கும் இதனால் வலிக்கப் போவதில்லை என்று நீங்களும் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

முதலியார்பேட்டையில் அருள்தாஸ் குடும்பம் இருந்தது. அவருக்கு மின்துறையில் வேலை. மனைவி ரெபேக்கா. ஒரே பெண் ஜெமிமா, நாலாவதோ ஐந்தாவதோ படித்துக்கொண்டிருந்தாள். அருள்தாஸ் மாதிரி ஆர்வக்காரரை நான் அதிகம் பார்த்ததில்லை. நாம் ஒன்று சொன்னால் அவர் மேலே இரண்டு சேர்த்துச் செய்வார். அவருடைய மாமா பிரெஞ்சுப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பள்ளியில் வேண்டாமென்று கழித்துப் போட்ட பெரிய உலகப் படம் ஒன்றைச் சுருட்டி எடுத்து வந்து கொடுத்திருந்தார். நாடுகளின் பெயரெல்லாம் பிரெஞ்சில். அருள்தாஸ் அதைக் கூடத்துச் சுவரில் அடித்து மாட்டியிருந்தார்.

எங்கள் பழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு குடும்பமும் ஒரு நாட்டை எடுத்துக்கொள்ளும். எந்த நாடு என்பதை வீட்டுப் பிள்ளைதான் தேர்ந்தெடுக்க வேண்டும். தினமும் சாயங்கால ஜெபத்தில் பிள்ளை முதலில் அந்த நாட்டின்மேல் விரலை வைத்துச் சத்தமாக ஜெபிக்கும், பிறகு பெரியவர்கள். ஜெமிமா ஒரு நாட்டைக் காட்டி, "தலை இல்லாத மீன் மாதிரி இருக்கு ஆன்ட்டி, பாவம், அதையே எடுத்துக்கறேன்" என்றாள். அந்த நாட்டின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அங்கே இன்னும் நம்மவர்கள் இருக்கிறார்கள்.

அங்கே நம் ஊழியர் ஒருவர், ஊழியர் என்று வெளியே தெரியாமல், அப்போது இருந்தார். குடிதண்ணீர்க் குழாய் போடும் வேலையில் பொறியாளர். கடலூர்ப் பக்கத்துக்காரர். அந்த மாதிரி இடத்தில் இருப்பவர்களின் பெயரை நாம் பிள்ளைகளிடம் சொல்வதில்லை அல்லவா? அதனால் ஜெமிமாவுக்கு அவர் "தண்ணி அங்கிள்". காய்ச்சல் வந்த நாளில்கூடப் போர்வைக்குள் இருந்தபடி தண்ணி அங்கிளுக்காக ஜெபிப்பாள் என்று ரெபேக்கா சொல்லியிருக்கிறாள்.

அந்த வீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாகப் பிரித்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். சுவர் ஓடு வரைக்கும் போகாது. மேலே ஒரு முழம் திறப்பு. அந்தப் பக்கம் மீன் வறுத்தால் இந்தப் பக்கம் பசிக்கும். அந்தப் பக்கத்தில் கரீம் பாய் இருந்தார், தையல்காரர். அவர் மனைவி நூர்ஜஹான். அவர்களுடைய மகன் சலீம் வெளிநாட்டில் வேலையில் இருந்தான். ஜெமிமாவுக்கு நூர்ஜஹான் "பாய் வீட்டு அத்தை". பள்ளிவிட்டு வந்ததும் முதலில் அங்கேதான் ஓடுவாள். இந்தப் பக்கத்து ஜெபமும் அந்தப் பக்கத்து டிவி சீரியலும் பல வருடமாக ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன.

ஒருநாள் சாயங்காலம் நான் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். அன்று மத்தியானம்தான் அந்த நாட்டில் சண்டை மூண்டதாகச் செய்தி வந்திருந்தது. அருள்தாஸ் போனில் செய்தியைத் தேடித் தேடி வாசித்தார். துறைமுக ஊரில் குண்டு விழுந்திருக்கிறது என்று அந்த ஊரின் பெயரைச் சத்தமாக வாசித்தார். அந்த ஊர்ப் பெயர் அதுவரை அந்த வீட்டு ஜெபத்தில் வந்ததில்லை. நாட்டின் பெயரோடு நிறுத்திக்கொள்வோம். நம் தண்ணீர்க்காரர் இருந்ததும் வேறு ஊர்தான், ஆனால் அதிக தூரமில்லை. எல்லாரும் முழங்கால் போட்டோம். ஜெமிமா படத்தில் விரலை வைத்து, அப்பா வாசித்த ஊர்ப் பெயரையும் சொல்லி ஜெபித்தாள்.

"ஆண்டவரே, அந்த ஜனங்க உம்மைத் தெரிஞ்சிக்கல. அதனாலதான் அவங்க ஊர்ல குண்டு விழுது. அவங்க உம்மைத் தெரிஞ்சிக்கணும் ஆண்டவரே. தண்ணி அங்கிள் மேல மட்டும் குண்டு விழக் கூடாது."

நான் கண்ணைத் திறந்துவிட்டேன். யாரும் அவளுக்கு இதை இப்படிச் சொல்லித் தரவில்லை. அந்த ஜனங்கள் ஆண்டவரை அறியாதவர்கள் என்று நம் பாடத்தில் இருக்கிறது. குண்டு விழுந்தது என்று அப்பா வாசித்தார். பிள்ளை இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டது. நாம் சொல்லாமல் விட்ட இடத்தையெல்லாம் பிள்ளைகள் தாங்களாகவே நிரப்பிக்கொள்வார்கள். அதைச் சரிசெய்ய வேண்டும், ஜெபம் முடியட்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே கதவு தட்டப்பட்டது.

நூர்ஜஹான் நின்றிருந்தார். காலில் செருப்பில்லை. முந்தானை தலையிலிருந்து சரிந்துகிடந்தது.

"அந்த ஊர் பேர இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார்.

அருள்தாஸ் சொன்னார்.

"எம் புள்ள அங்கதான் இருக்கான்."

ரெபேக்காதான் முதலில் பேசினாள். "அக்கா, சலீம் துபாய்லதானே இருந்தான்?"

"கம்பெனிக்காரன் மாத்திட்டான். ரெண்டு மாசமாச்சு. அது எந்த நாடுன்னு எல்லாம் எனக்கு என்னம்மா தெரியும்? இந்த ஊரு ஹார்பர்ல இருக்கேம்மான்னு சொன்னான். அந்தப் பேரு ஒன்னுதான் எனக்குத் தெரியும். மத்தியானத்துலேருந்து போன் பண்ணல. இவரு டிவியப் போடவே விடல, கேபிள் இல்ல, கேபிள் இல்லன்னாரு."

கரீம் பாய்க்குச் செய்தி தெரியும். மனைவிக்குத் தெரிய வேண்டாமென்று டிவியை நிறுத்திவிட்டுக் கடையில் போய் உட்கார்ந்திருக்கிறார். அந்தத் தாய்க்கு விஷயம் போய்ச் சேர்ந்தது சுவருக்கு மேலே வந்த ஒரு குழந்தையின் ஜெபத்தில். அதுவும் எப்படிப்பட்ட ஜெபம்!

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஜெமிமாவைப் பார்த்து, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்: "பாப்பா, நீ சொன்னதக் கேட்டேன். உங்க சாமிய அறியாததாலதான் குண்டு விழுதா? அப்ப எம் புள்ளைக்கும் அப்படித்தானா?"

ஜெமிமா படத்திலிருந்து விரலை எடுத்துக்கொண்டாள். அருள்தாஸ் வேதாகமத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். "அக்கா, உக்காருங்க. ஆண்டவர் இந்த நேரத்துல உங்கள இந்த வீட்டுக்கு வரவெச்சிருக்காருன்னா அதுக்கு ஒரு..."

"அருள்தாஸ், வாய மூடுங்க" என்றேன்.

அவருடைய வீட்டில், அவர் மனைவி, மகள் முன்னால். இன்றைக்கும் அந்தச் சொல்லுக்காக நான் வருத்தப்படவில்லை. தம்பிகளே, சுவிசேஷம் சொல்ல நேரம் வாய்த்தால் நம் கூட்டத்தில் ஒரு பேச்சு உண்டு, "வாசல் திறந்திருக்கிறது" என்று. அந்த நேரத்தில் அந்த அம்மாவிடம் திறந்திருந்தது வாசல் இல்லை, காயம். அதற்குள் கையை விடக் கூடாது. அருள்தாஸ் கெட்டவர் இல்லை, அவர் மனதில் அன்பைத் தவிர வேறு எதுவும் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அன்பு இருக்கும்போதுதான் நாம் இந்தத் தப்பைச் செய்வோம். அதனால்தான் உரக்கச் சொல்கிறேன்.

நூர்ஜஹானிடம், "இல்லம்மா, அப்படி இல்ல. போடறவன் போடறான், அதனால விழுது. அங்க இருக்கறவங்க யாரா இருந்தாலும் ஆண்டவர் அவங்க மேல குண்டு போடறவர் இல்ல. பாப்பா தெரியாம சொல்லிடுச்சு" என்றேன். அவருக்கு அது புரிந்ததா, ஆறுதலாக இருந்ததா, தெரியாது. தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப அவனுக்காகக் கேளுங்க. யாரு கேட்டாலும் சரி" என்றார்.

ரெபேக்கா ஜெமிமாவைத் தூண்ட வந்தாள், நான் வேண்டாமென்று கையசைத்தேன். பிறகு ஜெமிமா தானாகவே தலையைக் குனிந்தாள். "சலீம் அண்ணன் எனக்கு சைக்கிள் செயின் மாட்டிக் குடுத்தாரு ஆண்டவரே. அவர வீட்டுக்கு அனுப்பிடுங்க" என்றாள். அவ்வளவுதான். நாங்கள் பெரியவர்கள் யாரும் அதற்குப் பிறகு ஜெபிக்கவில்லை. ஜெபிக்க எங்களிடம் அதைவிட நல்ல வார்த்தை இல்லை.

இனிமேல்தான் எனக்கு வந்த சோதனை. நம்முடைய ஆள் அந்த ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறார். அவருடைய எண் என் போனில் இருக்கிறது. இந்த அம்மா என் காலடியில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஆனால் அழுத்தக் கூடாது என்பது விதி. சண்டை நடக்கும் இடத்தில் இருப்பவருக்கு வெளியிலிருந்து அழைப்பு போகக் கூடாது. யார் கேட்டுக்கொண்டிருப்பார்கள், யார் அவரைப் பிறகு விசாரிப்பார்கள் என்று நமக்குத் தெரியாது. அவருக்கும் மனைவி, குழந்தைகள் அங்கேதான். விதி எழுதியவர்களைத் திட்டிக்கொண்டே நான் தெருவுக்கு வந்தேன். சும்மா சொல்லவில்லை, அந்த எண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன்.

பிறகு மூடிவிட்டு, உப்பளம் பகுதியில் இருந்த நம் அலுவலகப் பொறுப்பாளரைக் கூப்பிட்டேன். அவர் அதிகம் பேசமாட்டார். பேசினால் மூன்று வார்த்தை. எல்லாவற்றையும் சொன்னேன். "நம்ம ஆளைப் போய்ப் பாக்கச் சொல்லுங்கய்யா" என்றேன்.

"சொல்ல மாட்டேன்மா" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் என்னென்னவோ பேசிவிட்டேன். உங்கள் பிள்ளையாக இருந்தால் இப்படிச் சொல்வீர்களா என்று கேட்டுவிட்டேன். அவர் முழுவதும் கேட்டுக்கொண்டார்.

"அவரு நம்மகிட்ட தினம் ஒரு தடவ நல்லா இருக்கேன்னு தகவல் அனுப்பற வழி ஒன்னு இருக்கு. அதுல அவருக்குத் தெரிவிப்பேன். நம்ம ஊர்ப் பையன், சலீம்னு பேரு, ஹார்பர்ல இந்தக் கம்பெனி, அம்மா காத்துக்கிட்டிருக்காங்க. அவ்வளவுதான் அனுப்புவேன். போங்கன்னு அனுப்ப மாட்டேன், போகாதீங்கன்னும் அனுப்ப மாட்டேன். குண்டுக்குள்ள நடக்கப் போறவரு அவரு. நானும் நீயும் ஃபேனுக்குக் கீழ இருக்கோம்."

அன்றைக்கு அவர்மேல் எனக்கு இருந்த கோபம் அந்த வாரத்துக்குள்ளேயே போய்விட்டது. நம்மால் வேறொருவரின் தைரியத்தைச் செலவு செய்ய முடியாது. நீங்களும் ஒருநாள் வெளியே இருப்பவரிடம் எதையாவது கேட்க வேண்டிய இடத்தில் நிற்பீர்கள். அப்போது அந்த மனிதரை நினைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் அங்கேயே கிடந்தேன். அருள்தாஸ் லீவு போட்டுவிட்டு, கரீம் பாயை வண்டியில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அரசு அலுவலகமாக ஏறி இறங்கினார். கம்பெனிக்காரனின் எண்ணுக்கு விடாமல் அடித்தார். நூர்ஜஹான் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாராவது நலம் விசாரிக்கக் கூப்பிட்டால்கூட, "லைன வைங்க, அவன் கூப்பிடுவான்" என்று வைத்துவிடுவார். ரெபேக்கா கஞ்சி வைத்துக்கொண்டு போவாள். அது ஆறிப்போய்த் திரும்பி வரும். சாயங்காலம் ஜெமிமா அந்தப் பக்கம் போய் அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே ஜெபித்தாள். ஒரே ஜெபம்தான், அண்ணனை அனுப்பிடுங்க.

தகவல் வந்தது. நம் ஆள் போயிருந்தார். யாரும் சொல்லாமல் அவராகவே போயிருந்தார். துறைமுகத்துக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றை ஆஸ்பத்திரி ஆக்கியிருந்தார்கள். அங்கே சலீம் கிடந்தான். கட்டடம் இடிந்து மேலே விழுந்திருந்தது. நினைவு இருந்தது, பேச முடிந்தது. ஆனால் அவனைக் காப்பாற்ற அங்கே ஒன்றும் இல்லை. நம் ஆள் கூடவே உட்கார்ந்திருக்கிறார். விடிவதற்கு முன் சலீம் போய்விட்டான். உடலை ஊருக்கு அனுப்ப வழியில்லை. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

பொறுப்பாளர் இதை எனக்குப் போனில் சொல்லும்போது, இன்னொன்றும் சொன்னார். சாகும் நேரத்தில் சலீம், அவர்கள் மார்க்கத்து விசுவாச வாக்கான கலிமாவைச் சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறான். நம் ஆளுக்கு அது தெரியாது. பக்கத்துக் கட்டிலில் காலில் கட்டுப் போட்டுக் கிடந்த, கலிமா தெரிந்த ஒரு பெரியவரைத் தாங்கிப் பிடித்து அழைத்து வந்து, சலீமின் காதருகே உட்கார வைத்திருக்கிறார். அவர் சொல்ல, சலீம் சொன்னான்.

இதைக் கேட்டு நம் அலுவலகத்திலேயே இரண்டு விதமாகப் பேசினார்கள். ஆண்டவரைப் பற்றிச் சொல்லும் கடைசி வாய்ப்பை விட்டுவிட்டாரே என்று சிலர். சலீமைத் தேடிப் போனதே பெரிய சாட்சி என்று சிலர். உங்களிடையேயும் அப்படி இரண்டு பக்கம் இருக்கும், இப்போதே முகங்களில் தெரிகிறது. உங்களுக்குள் சண்டை போட்டுக்கொள்ளுங்கள், நான் நடுவில் வரமாட்டேன். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அடுத்து நான் அந்தத் தாயிடம் போய்ப் பேச வேண்டியிருந்தது. அவர் என்ன கேட்டாலும் சொல்ல என்னிடம் உண்மை இருந்தது. எதையும் மறைக்க வேண்டியிருக்கவில்லை.

கரீம் பாய் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். என் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். "நீங்களே சொல்லுங்கம்மா. டிவிய மறச்ச வாயி இது. இது சொன்னா அவ நம்பமாட்டா" என்றார்.

உள்ளே போய் நூர்ஜஹான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். சுற்றி வளைக்கவில்லை. "அம்மா, சலீம் இறந்துட்டான்" என்றேன். இப்படிப்பட்ட செய்தியைச் சொல்லும்போது "காலமாயிட்டார்", "ஆண்டவர் எடுத்துக்கிட்டார்" என்றெல்லாம் சொல்லாதீர்கள். கேட்கிறவருக்கு ஒரு நொடி நம்பிக்கை மிஞ்சியிருக்கும், அதை இழுத்தடிப்பது கொடுமை.

அவர் அழுததை நான் சொல்லப்போவதில்லை. அழுகைக்கு நடுவில் கேட்டார், "தனியாவா போனான்?"

"இல்லம்மா. நம்ம பக்கத்து ஆளு ஒருத்தரு கூட இருந்தாரு. கடலூர்க்காரரு."

"தமிழ்ல பேசினாரா?"

"ராத்திரி பூரா தமிழ்லதான் பேசிக்கிட்டிருந்தாங்களாம்."

"என்ன பேசினான்?"

"அரியாங்குப்பத்துல சிநேகிதன் வீட்ல அவன் வண்டி நிக்குதாம். அவங்க அப்பாவ அத எடுத்துக்கிட்டு வரச் சொன்னானாம். சும்மா நின்னா பேட்டரி போயிடும்னு சொன்னானாம்."

நூர்ஜஹான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பா, அழுகையா, இரண்டும் ஒன்றாக வந்தது. "அந்த வண்டி... அந்தப் பாழாப்போன வண்டி" என்றார். கொஞ்சம் பொறுத்து, "கலிமா?" என்றார்.

"சொன்னான்மா. கூட இருந்தவரு ஒரு பெரியவர அழச்சிக்கிட்டு வந்து சொல்ல வெச்சாரு."

அவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வேறொருவருக்குச் சேர வேண்டிய நன்றியை நான் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் இதைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும் என்று அருள்தாஸ் என்னிடம் வந்தார். கண் கலங்கித்தான் வந்தார். "நம்ம ஊழியர் உயிரப் பணயம் வெச்சுப் போயிருக்காரு சிஸ்டர். சபைக்குத் தெரிய வேணாமா?" என்றார். சொன்னால் நம் ஆளுக்கு ஆபத்து என்பது ஒரு காரணம். ஆனால் அதை மட்டும் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளவில்லை. "பக்கத்து வீட்டுச் சாவ மைக்குல வெக்காதீங்க அருள்தாஸ்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அதன்பின் யாரிடமும் அவர் அதைப் பேசவில்லை.

ஜெமிமாவிடம்தான் நான் தோற்றுப் போனேன். "நான் கேட்டேனே ஆன்ட்டி. தினம் கேட்டேனே. ஏன் அனுப்பல?" என்றாள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் புத்தகங்கள் நம்மிடம் இருக்கின்றன, எனக்கும் சில மனப்பாடம். அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு அதில் ஒன்றைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை. "தெரியலடா கண்ணு" என்றேன். "நெஜமாவே தெரியல. எனக்கும் கோவமாத்தான் இருக்கு." அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். பெரியவர்களுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது என்பது அவளுக்குப் புதிது போல. பதிலைத் தெரிந்ததுபோல நடிக்காதீர்கள் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இன்றைக்குச் சமாதானமாகும் பிள்ளை, பத்து வருடம் கழித்து அந்தப் பொய்யைக் கண்டுபிடிக்கும். அப்போது பொய்யோடு சேர்த்து எல்லாவற்றையும் விட்டுவிடும்.

அதற்குப் பிறகு அவள் ஜெபிக்கவில்லை. அவள் மட்டுமல்ல, அந்த வீட்டிலேயே சத்தமான ஜெபம் நின்றுபோனது. அருள்தாஸும் ரெபேக்காவும் மனதுக்குள் ஜெபித்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். அந்த நாட்டின் பெயரை யாரும் எடுக்கவில்லை. எடுத்தால் அந்தப் பக்கம் கேட்குமே என்ற பயம். வேறு நாடு எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லலாமா என்று யோசித்தேன். அதையும் சொல்ல மனம் வரவில்லை. இருபது வருடத்துக்கு மேல் குடும்பங்களை ஜெபிக்கச் சொல்லிச் சொல்லியே திரிந்தவள், அந்த ஒரு வீட்டில் மட்டும் ஒன்றும் சொல்லாமல் காப்பி குடித்துவிட்டு வந்துகொண்டிருந்தேன்.

மழைக்காலம் முடியும் சமயம். ஒரு சாயங்காலம் அப்படிக் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது நூர்ஜஹான் வந்தார். மெலிந்து போயிருந்தார். உள்ளே வந்து, எங்களையெல்லாம் ஒரு முறை பார்த்து, "இந்த வீட்ல ஏன் சத்தமே இல்ல?" என்றார்.

அருள்தாஸ் தடுமாறினார். "உங்களுக்கு மனசு கஷ்டமா இருக்கும்னுதான்க்கா..."

"கஷ்டமாத்தான் இருக்கும். அவன் அங்கதான படுத்திருக்கான் அருளு? எங்க வீட்ல அந்த ஊர் பேர எடுத்தா இவரு எழுந்து வெளிய போயிடறாரு. வர்ற சொந்தக்காரங்க வேற எதுனா பேசிட்டுப் போயிடறாங்க. நீங்களும் சொல்லலன்னா, அந்த ஊர் பேர இந்த ஊர்ல யாரு சொல்லுவா?" என்று கேட்டுவிட்டு, ஜெமிமாவின் தலையில் கையை வைத்தார். "நீ கேளு பாப்பா. எம் புள்ளைக்காக இல்ல. அது முடிஞ்சிபோச்சு. அங்க இன்னும் சண்ட நிக்கலன்னு இவரு கடைல பேசிக்கறாரு. அங்க இருக்கறவங்களுக்குக் கேளு."

ஜெமிமா என்னைப் பார்த்தாள். சரி என்றும் நான் தலையாட்டவில்லை, வேண்டாம் என்றும் தலையாட்டவில்லை. இது எனக்கும் அவளுக்கும் நடுவில் இல்லை என்று பட்டது.

அவள் எழுந்து போய்ப் படத்தின் முன்னால் நின்றாள். நாட்டின் நடுவில் இல்லாமல், கடலோரமாக, அந்தத் துறைமுக ஊரைத் தேடி அதன்மேல் விரலை வைத்தாள். ஊரின் பெயரைச் சத்தமாகச் சொன்னாள். நூர்ஜஹானின் உதடும் கூடவே அந்தப் பெயரைச் சொன்னது.

"ஆண்டவரே," என்றாள் ஜெமிமா, "அங்க இருக்கற எல்லா அம்மாவுக்கும் போன் வரணும்."